சடையப்பன் மாமாவின் வேட்டியும் நாலாவது சுருளும்

இளவரசி கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். வயது நாற்பத்தாறு. செல்போனில் யாரைப் படம் எடுத்தாலும் உடனே பிடுங்கிப் பார்த்து, "கண்ணு மூடியிருக்கு, டெலீட் பண்ணு" என்கிறார்கள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் அவள் ஃபிலிம் கேமராவுக்கு மாறினாள். பழையது ஒன்றை வாங்கி, கறுப்பு வெள்ளைச் சுருளைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவாள்.

ஃபிலிம் கழுவுவது வீட்டுக் குளியலறையில். வீட்டில் இருப்பதே ஒரு குளியலறைதான். முதல் சுருளை அவள் இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கணவர் பாலகுமார் அவசரம் தாங்காமல் வெளியிலிருந்து லைட் சுவிட்சைத் தட்டிவிட்டார். இரண்டாவதில் படத்தை வரவழைக்கும் டெவலப்பருக்கு முன்னால், கடைசியில் ஊற்ற வேண்டிய ஃபிக்ஸரை ஊற்றியது அவளேதான். மாசி மகத்துக்குக் கடலுக்கு வந்த சாமிகள் அத்தனை பேரும் மறைந்துபோய், வெறும் பிளாஸ்டிக் நாடாதான் கைக்கு வந்தது. மூன்றாவதை மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டாள். காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"அதுக்காவது புடிச்சிருக்கே" என்றார் பாலகுமார்.

நாலாவது சுருளில்தான் அக்கா வீட்டுக்காரர் சடையப்பன் விழுந்தார். சிதம்பரத்தில் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தவரின் வேட்டியை ஓர் அலை உருவிக்கொண்டு போனது. பட்டாபட்டி டிராயரோடு அவர் அதைத் துரத்த, இளவரசி கேமரா பொத்தானை அழுத்திவிட்டாள்.

"டெலீட் பண்ணு."

"இதுல டெலீட்டே கெடயாது மாமா."

"அப்ப பின்னால தொறந்து வெயில்ல காட்டு. அடுத்த வாரம் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வூட்டுல என்னைய சபாரியிலதான் பாத்திருக்காங்க. இது குடும்ப வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னா என் மானம் இன்னாவறது?"

"யாருக்கும் அனுப்ப மாட்டேன் மாமா. இதாவது உருப்படியா வருதான்னு பாக்கணும்."

அவர் நம்பவில்லை. மறுநாள் காலை கத்தரிக்கோலோடு வந்துவிட்டார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. பாலகுமார் சுவிட்ச் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"நவுரு சகல."

"இப்ப லைட்டு போட்டீங்கன்னா இன்னிக்கு எனக்குச் சோறு கெடயாது, அண்ணே."

சடையப்பன் குனிந்து, கதவிடுக்கில் செருகியிருந்த பழைய புடவையை உருவிப் போட்டுவிட்டு செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தார்.

"ஃபிலிம் டப்பாக்குள்ள போயாச்சு மாமா, இனிமே வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது" என்றது உள்ளிருந்து குரல். "நல்லா காட்டுங்க, பாட்டில்ல எழுதுனது தெரியுது."

கதவு திறந்தபோது இளவரசியின் கையில் ஃபிலிம் சொட்டிக்கொண்டிருந்தது. படங்கள் விழுந்திருந்தன. அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சடையப்பன் அதைப் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கட்டம் கட்டமாகத் தேடினார். கிடைத்தது. விரித்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"இது யாரு?"

"நீங்கதான். நெகட்டிவ்ல வெள்ளையெல்லாம் கறுப்பாத்தான் தெரியும்."

தலை நிறையக் கருகருவென்று முடி. மீசையும் அப்படியே. டை அடித்தால் முகம் வீங்குகிறது என்று டாக்டர் தடுத்ததிலிருந்து அவர் இப்படித் தன்னைப் பார்த்ததே இல்லை.

"இத பெருசா பிரிண்ட் போட்டுக் குடு."

"பிரிண்ட்ல நரைச்சிடும் மாமா. டிராயர் கோடும் பளிச்சுன்னு வரும்."

"அப்ப போடாத. இதையே குடு."

"நான் எடுத்ததுலயே நல்லா வந்தது இது ஒண்ணுதான்!"

"முடி என்னுது புள்ள."

நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று இளவரசி அவருக்குக் காப்பி தரவில்லை.

நிச்சயதார்த்தம் சிதம்பரத்தில் நடந்தது. சபாரி போட்ட சடையப்பன் தாம்பூலம் மாற்றிய கையோடு சம்பந்தியை டியூப்லைட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய் அந்தத் துண்டைத் தூக்கிப் பிடித்தார். கட்டைவிரல் கீழ்ப்பாதியை மூடியிருந்தது.

"போன வாரம் எடுத்ததுங்க."

சம்பந்திக்கு அவரைவிட வெளுத்த தலை. வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "கீழ இன்னாங்க மறைக்கிறீங்க?"

"வெறும் கடலுங்க."

"முடி மட்டும் எப்பிடி?"

"கொழுந்தியா எடுத்தது. கைராசி."

சம்பந்தி இளவரசியைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஏம்மா, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடேன்."

இளவரசி மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

"அதுக்கென்னங்க. ஞாயித்துக்கெழம தேவனாம்பட்டினம் வந்துடுங்க" என்றாள் அவள். "வேட்டி கட்டிக்கினு வாங்க."