டவலுக்குக் கதை கிடையாது

அந்தப் பெரிய ஓட்டலின் லாண்டரியில் ஒரு பெண் சினிமாக் கதை சொல்லிச் சொல்லியே வேலையாட்களை ஊரை விட்டுக் கிளப்பிவிடுகிறாளாம். என்னிடம் இதைச் சொன்னவர் ஓட்டல் மேனேஜர். அடித்தளத்தில் யாரோ வெடிகுண்டு வைத்திருக்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"மொதல்ல ஒருத்தி போனா. அப்புறம் இன்னொருத்தி. வாஷிங் மெஷின் ஓட்டிட்டிருந்த ஆளும் போயிட்டான். கேட்டா, 'படத்துல அவ போறா, நான் போகக் கூடாதா'ங்கறான். நீங்க எழுதுங்க சார். சினிமா மனுஷனை எப்படிக் கெடுக்குதுன்னு விளக்கமா எழுதுங்க."

சம்பளத்தைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவருக்கு அந்த நிமிடம் பார்த்து அவசரமாக போன் வந்துவிட்டது.

வதந்தியைச் சரிபார்க்கக் கீழே இறங்கினேன். படிக்கட்டில் கம்பளம் எங்கே முடிகிறதோ அங்கே விருந்தாளிகளின் ஓட்டல் முடிகிறது. அதற்குக் கீழே சிமெண்டுப் படி, ஈரச் சுவர், சோப்பு வாசனை. கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அறைகிறது. அந்த ஹாலில் ஜன்னல் என்று ஒன்று கிடையாது. துவைக்கிற மெஷின்களும் உலர்த்துகிற டிரையர்களும் சேர்ந்து போடுகிற சத்தத்தில், ஒரு கை தூரத்தில் நிற்பவர் பேசினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். இந்த இடத்தில் ஒருத்தி கதை சொல்கிறாளாம். எனக்கு யாரோ நன்றாகக் காது குத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர்கள் பெட்ஷீட் மடிப்பதைப் பார்த்தேன்.

ஓட்டல் பெட்ஷீட்டை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தள்ளி நிற்கிறார்கள். ஓர் உதறல். நடுவில் ஒரு மடிப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, இவள் முனையை அவள் கையில் தருகிறாள். அந்த இடத்தில் முகமும் முகமும் ஒட்டுகிற மாதிரி வருகின்றன. குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்வாங்குகிறாள், மறுபடி நெருங்குகிறாள். கதை அந்த நெருக்கத்தில் மட்டும்தான்.

"லாரிக்குள்ள ஏறிட்டா."

உதறல். வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கம் கேட்பவளின் கண் விரிகிறது. டிரைவர் என்ன ஆனான் என்று உதடு மட்டும் கேட்கிறது. சொல்பவள் பதில் சொல்ல மாட்டாள். எப்படிச் சொல்வாள், சத்தம். இருவரும் நெருங்கி வருகிறார்கள்.

"பார்த்துட்டான்."

மறுபடி பின்னால். இப்படியே ஒரு டிராலி காலியாகிறது. கேட்டவள் அடுத்த டிராலிக்கு வேறொருத்தியுடன் ஜோடி மாறி, கேட்டதை அவளிடம் சொல்கிறாள். கதை கையிலிருந்து கைக்கு மடிந்து மடிந்து ஹால் முழுக்கப் போகிறது. யாரும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால்தான் கதை நின்றுவிடுமே! டவலையும் தலையணை உறையையும் அவரவர் மேஜையில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒற்றையாக மடிக்க வேண்டும். அதற்குக் கதை கிடையாது. என் உதட்டில் தயாராக வைத்திருந்த கிண்டல் அங்கேயே ஆவியாகிவிட்டது.

சொல்பவளை எல்லோரும் ரீலக்கா என்கிறார்கள். ஐம்பதை எட்டப்போகிற வயது, முன்கை இரண்டிலும் பழைய சூட்டுத் தழும்பு, எந்த நேரமும் சிரிக்கப்போகிற மாதிரி ஒரு வாய். தேநீர் இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம்.

"ரீல் விடறதாலயா அந்தப் பேரு?"

"பேரு வச்சது மேனேஜர் சார். எனக்கு ரீல் விடத் தெரியாது. பார்த்ததைத்தான் சொல்வேன். பார்த்தபடிதான் சொல்வேன்."

"கஷ்டத்துலேருந்து தப்பிச்சுப் போறவங்க கதைதான் சொல்வீங்களாமே. காதல் படம் பார்க்கறதில்லையா?"

"அதுல ஊரைச் சுத்தறாங்களே தவிர ஊரை விட்டுப் போக மாட்டேங்கறாங்களே."

"பேய்ப் படம்?"

"ஒருதடவை போனேன். இந்த மெஷின் சத்தத்துலயே இருந்துட்டு அங்க போய் உட்கார்ந்தா, பேய் ரொம்ப மரியாதையாப் பேசற மாதிரி இருந்துச்சு."

சினிமா அவளுக்குப் பழக்கமானது படம் பார்க்க அல்ல. அம்மா செத்த வருஷம், தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு காய்கறி லாரியில் இந்த ஊருக்கு வந்து இறங்கியவள் அவள். அப்போது அவளுக்கே பதினைந்து வயது இருக்கலாம். ஓட்டல் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலை. தங்க இடமில்லாத அந்த நாட்களில், மதியத்தில் இரண்டு பேர் யாரும் எழுப்பாமல் குளிர்ச்சியாக உட்காரக்கூடிய ஒரே இடம் தியேட்டர். தங்கை மடியில் தூங்குவாள். அக்கா விழித்திருப்பாள். விழித்திருப்பவள் எதையாவது பார்த்தாக வேண்டுமே, திரையைப் பார்த்தாள். அங்கேயும் ஒருத்தி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தாள்.

"கல்யாணம்?" என்றேன்.

"ஆச்சு. இடைவேளையோட எந்திரிச்சுப் போயிட்டாரு."

ஊரை விட்டு ஓடியவர்களைப் பற்றி விசாரித்தேன். ஒருத்திக்கு வெளியூரில் கல்யாணம். இன்னொருத்தி மகளோடு இருக்கப் போயிருக்கிறாள். மெஷின்காரரின் அண்ணன் எங்கோ கடை திறந்திருக்கிறார். மேனேஜரின் வதந்தி என் கண் முன்னாலேயே சாயம் போய்விட்டது. கிளம்பலாம் என்று எழுந்தேன்.

அப்போது தங்கை வந்தாள். மடியில் தூங்கிய அதே தங்கை. இன்று முப்பது தாண்டியவள், அக்காவின் நிரந்தர ஜோடி, ஹாலில் எல்லோரைவிடவும் வேகமான கை. டிரையர் பஞ்சு நெஞ்சில் தங்கிவிட்டதால் விடாத இருமல். வடக்கே ஒரு பெரிய ஊரில் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சியும் தருவார்கள். தங்குவதற்கு ஜன்னல் வைத்த அறை. சனிக்கிழமை காலை பஸ். போவதா இருப்பதா என்று அவளால் முடிவெடுக்க முடியவில்லை.

"அக்கா என்னம்மா சொல்றாங்க?"

"அவ எங்க சொல்றா? அவ கதைதான் சொல்வா." அக்காவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "நானும் முடிவு பண்ணிட்டேன் சார். இந்த வாரக் கதையில செங்கல் சூளைக்காரி ஒருத்தி லாரியில தப்பிச்சுப் போறா இல்ல, அவ நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டா நானும் போறேன். சேரலைன்னா இங்கயே இருந்துடறேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீயே படத்தைப் போய்ப் பார்த்துடலாமே."

"எனக்குத் தியேட்டர்ல லைட்டை அணைச்சா தூக்கம் வந்துடும் சார். சின்ன வயசுலேருந்து அப்படி. டிக்கெட் வாங்கிட்டுப் போய்த் தூங்கிட்டு வருவேன்."

ரீலக்கா அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "குறட்டை வேற. பக்கத்து சீட்டுக்காரன் என்னைத்தான் முறைப்பான்."

அன்று சாயங்காலம் நான் அந்தப் படத்துக்குப் போனேன். தொழில் தர்மம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படம்தான். அந்தச் சூளைக்காரி லாரி மாறி லாரி ஏறி, பாலத்துக்கடியில் படுத்து, செருப்பறுந்து, அந்தப் பெரிய நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேவிடுகிறாள். கைதட்டலாம் என்று கையைத் தூக்கினேன். ஆனால் அந்த நகரத்தில் ஒரு கதவும் அவளுக்குத் திறக்கவில்லை. கடைசியில் சூளைக்கே திரும்பிப் போகிற லாரியில் ஏறி உட்காருகிறாள். லாரி புறப்படுகிறது. திரை இருட்டு. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை, படிக்கட்டில் ரீலக்காவைப் பிடித்தேன்.

"படம் பார்த்தேன்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு." டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் மாத்திச் சொல்லிடுங்களேன். ஒரே ஒரு கதவு திறந்துச்சுன்னு சொன்னா என்ன குடி முழுகிடும்?"

"சொல்லலாம். நம்பிப் போவா. அங்க நாளைக்கு ஒரு கதவு அவளுக்குத் திறக்கலைன்னா? அக்கா பொய் சொல்லி அனுப்பிட்டாளேன்னுதானே சார் அவளுக்குத் தோணும்?"

"அப்போ உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. அதானே உங்க வழக்கம்."

அவள் கையிலிருந்த தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா இருந்துடுவா. அவ இருந்துட்டா எனக்கு எவ்வளவு வசதின்னு தெரியுமா? ராத்திரி சோத்துக்குத் துணை, பேச்சுக்குத் துணை, மடிக்க ஜோடி. நான் ஒரு பொய் கூடச் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொன்னாப் போதும், அவ எங்கயும் போக மாட்டா." எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "அதனாலதான் வாய் வர மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை நான் வேலை தொடங்கும்போதே போய் நின்றுவிட்டேன். கதை முந்தின நாள் பாலத்துக்கடியில் நின்றிருந்தது. ஹாலில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் எல்லாக் கண்ணும் டிரையர் பக்கமே இருந்தது. தங்கை மடிக்கும் இடத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

டிரையர்களைப் பார்த்துக்கொள்பவரை எரிமலை என்பார்கள். சூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதால் வந்த பெயர். மற்றபடி வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளிவராத மனிதர். அவர் முதல் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

டவல்.

அடுத்த டிராலி, அதுவும் டவல். அதற்கடுத்தது குளியல் டவல். பிறகு கை துடைக்கிற சின்ன டவல். இந்த ஓட்டலில் நேற்று ஒருவரும் படுக்கவேயில்லை, எல்லோரும் விடிய விடியக் குளித்துக்கொண்டே இருந்தார்கள் போல. பெண்கள் அவரவர் மேஜைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு மடிக்க ஆரம்பித்தார்கள். தங்கை அந்தக் கோடியிலிருந்து ஏதோ கேட்டாள். வாய் அசைந்தது தெரிந்தது. ரீலக்கா காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள், சத்தம் என்று.

எனக்குச் சந்தேகம். மெல்ல டிரையர்களுக்குப் பின்னால் போனேன். அங்கே என் தோள் உயரத்துக்குப் பெட்ஷீட், மலை மாதிரி. தொட்டுப் பார்த்தேன். சுட்டது, மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. எரிமலை எனக்கும் மலைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இன்னிக்குக் காயல," என்றார். அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

நான் அந்த மலை முன்னால் நின்றேன். எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் தியாகம், தியாகம் என்று முழங்கியதைக் கேட்டு, வீட்டுக்கு வந்து அதை வைத்து வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எழுதியிருக்கிறேன். இங்கே கிண்டல் பண்ணுவதற்கு எனக்கு ஒரு நூல் முனைகூடக் கிடைக்கவில்லை. பொய்யும் சொல்லாமல், தனக்கு வசதியான உண்மையையும் சொல்லாமல், ஒரு நாள் முழுக்க டவலை அனுப்பச் சொல்லித் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டிருந்தாள் ரீலக்கா.

வேலை முடிந்து வெளியே வரும்போது தங்கை அவளை மறித்தாள்.

"அவ போய்ச் சேர்ந்தாளா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"பெட்ஷீட் வரட்டும், சொல்றேன்."

"நாளைக்குக் காலையில பஸ்ஸுடி அக்கா!"

"அப்ப படத்தோட முடிவு உனக்குத் தெரியாது. உன்னோட முடிவு எனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் சமம். வா, பசிக்குது."

தங்கை அப்படியே நின்று அக்காவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அன்று டவல் ஏன் வந்தது என்று அவளுக்கு அப்போது புரிந்ததா, எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை காலை பஸ் நிலையத்தில் அவள் இருந்தாள். ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், அழுது வீங்கிய முகம். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பஸ் நகரும்வரை அக்காவைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "பாதியில விட்டுட்டியே, பாவி! இது நல்லாவா இருக்கு?" அக்கா சிரித்துக்கொண்டே கையாட்டினாள். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் கையைக் கீழே இறக்க அவளுக்கு நேரமாயிற்று.

மேனேஜரிடம் என் விசாரணை முடிவைச் சொன்னேன். வதந்தி பொய் சார், அவள் கதை சொல்லி யாரையும் அனுப்பவில்லை, ஒருத்தியை அனுப்பினாள், அது கதை சொல்லாமல். அவருக்கு உடனே போன் வந்துவிட்டது.

ஹாலில் மற்றவர்கள் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரீலக்கா அடுத்த படம், அதற்கடுத்த படம் எல்லாம் சொல்லிவிட்டாள். சூளைக்காரியை மட்டும் பாலத்துக்கடியிலிருந்து எழுப்ப மறுக்கிறாள். தங்கைக்குத் தராத முடிவை வேறு யாருக்கும் தர முடியாதாம். நான் இங்கே எழுதினால் தங்கை படித்துவிட மாட்டாளா என்று கேட்டேன்.

"அவ பேப்பர் படிக்க மாட்டா சார். படிச்சாலும் உங்க பக்கம் வந்தாப் புரட்டிடுவா."

வாரம் ஒருமுறை தங்கையிடமிருந்து போன் வருகிறது. ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தேன். அறையில் ஜன்னல் நிஜமாகவே இருக்கிறதாம். திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் தெரிகிறதாம். ஆனால் மதியத்தில் அந்தச் சுவர் முழுக்க வெயில் விழுகிறதாம். இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு பாட்டியம்மாள் தினமும் திட்டுகிறாள், ஆனால் இவளைத் தவிர வேறு யார் கையிலும் சாப்பிடமாட்டேன் என்கிறாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்று போன் கத்தியது. எனக்கே கேட்டது. "எனக்கு ஒரு முடிவு பாக்கி இருக்கு. அவ போய்ச் சேர்ந்தாளா இல்லையா?"

"போன்ல பெட்ஷீட் மடிக்க முடியாதுடி," என்றாள் ரீலக்கா. "லீவு கிடைச்சா நேர்ல வந்து வாங்கிக்கோ."