எதிர்க்கடை அண்ணை

அன்று விடிய அவருடைய கடையில் விளக்கு எரியவில்லை. எனக்கு முன்னமே கதவு திறந்துவிட்டு, பிந்தி வரும் என்னைக் கேலி செய்கிற மனிதர். இடியப்பம் அவித்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன். பிறகுதான் அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். "அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார் தங்கச்சி. நித்திரையிலயே..." அடுப்பை அணைக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை.

கிளிநொச்சிக்கு அலுவலாக வந்து குலம் அண்ணையின் கடையில் சாப்பிட்ட உங்களுக்கு, அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் அவருக்கு நேரெதிரே சாப்பாட்டுக்கடை போட்டவள், அவருடைய போட்டிக்காரி. என் கடையே அவருடைய வாயால்தான் எனக்குக் கிடைத்தது.

புதிதாகச் சாப்பாட்டுக்கடை போடுவோருக்கு மானியம் கொடுக்கலாமா என்று பிரதேச சபையில் கூட்டம் வைத்தார்கள். மானியம் கேட்டிருந்த நான் பின்வரிசையில் இருந்தேன். கடைக்காரர் எல்லோரும் எதிர்த்தார்கள். "வயலுக்குப் பசளை வாங்க வழியில்லை, சோத்துக்கடைக்கு மானியமோ?" என்று ஒரு விவசாயியும் கத்தினார். குலம் அண்ணை எழும்பினார்.

"அந்த நெல்லும் சோறாகத்தானே வேணும்? ஒரு கடை இருந்தால் சனம் பசிக்குத் தின்னும். நாலு கடை இருந்தால்தான் சாப்பிடவெண்டே கிளிநொச்சி ரவுணுக்கு வரும். குடுங்கோ."

"உங்கட கடைக்கு முன்னால போட்டாலும் சரியோ?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

"இன்னும் நல்லது. எனக்கும் கதைக்க ஆள் வேணும்."

இவருக்கு விசர்தான் என்று நினைத்தேன்.

கடை திறந்த அன்று மத்தியானம்வரை ஒருவரும் வரவில்லை. மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணின் சமையலைச் சாப்பிட இந்த ஊரில் சிலருக்கு மனம் இல்லை. அதை நான் ஏன் மறைக்கவேண்டும்? தன் கடை நிறையச் சனம் இருக்க, அண்ணை வீதியைக் கடந்து வந்தார். ஒரு கதிரையை வாசலுக்கு இழுத்து, வீதியைப் பார்த்தபடி இருந்துகொண்டு, "தங்கச்சி, சோறு போடுங்கோ" என்றார். சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தன் கடைவரைக்கும் கேட்கிற மாதிரி, "உப்புக் கொஞ்சம் கூட. நாளைக்கும் வாறன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாளும் வந்தார், அதையே சொன்னார். பிறகு அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

தன்னிடம் சோறு முடிந்தால் வாசலில் நின்று, "தங்கச்சி, ரெண்டு பேர் வருகினம்!" என்று கூவுவார். நானும் அப்படியே கூவப் பழகினேன். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒருவரும் பசியோடு திரும்பியதில்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அவருடைய வீட்டுக்கு நான்தான் சமைத்துக் கொண்டுபோனேன். பயந்து பயந்து உப்பைக் குறைத்துப் போட்டேன். அவருடைய மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உப்புக் காணாது பிள்ளை. நீங்கள் வழமையாப் போடுற அளவுதான் சரியெண்டு அவர் வீட்டில சொல்லுறவர்." அதன்பிறகு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

இப்போது என் கடையில் நிற்க இடமில்லை. உனக்கு நல்ல காலம் என்கிறார்கள் உறவுக்காரர்கள். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. நேற்று சோறு முடிந்தபிறகு, தர்மபுரத்திலிருந்து தாயும் மகளுமாக இரண்டு பேர் வந்தார்கள். பழக்கதோசத்தில் வாசலுக்கு வந்து, "அண்ணை, ரெண்டு பேர்" என்று கூவிவிட்டேன். பூட்டிய கதவைப் பார்த்தபடி வீதியோரத்தில் நின்று அழுதேன். அவர்கள் சாப்பிடாமலேயே பஸ் ஏறினார்கள்.

ரவுணில் இருக்கிற கடைகள் போதும், மானியத்தை நிறுத்துவோம் என்று சபையில் மறுபடி கதை அடிபடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போவேன். இந்த முறை முன்வரிசையில் இருப்பேன். என் கடைக்கு நேரெதிரே ஒரு கடை வேண்டும், கொடுங்கள் என்று கேட்பேன். அவர் இழுத்துப்போட்ட கதிரை இன்னும் என் வாசலில்தான் இருக்கிறது. புதுக்கடை திறக்கிற அன்று அதைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்து, எல்லோரும் பார்க்க வாசலில் இருந்து சாப்பிடுவேன். உப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், கொஞ்சம் கூட என்றுதான் சொல்வேன்.