அலமாரியில் பூட்டிவைத்த வெள்ளைப் பெட்டிகள்

ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், கையுறையோடு போனை எடுக்காதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை போய்விட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ். மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி என்று வார்டு வார்டாகக் கத்துவேன். எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். ரத்தம் எடுத்த ஊசியை நோயாளியின் தலையணை ஓரத்தில் வைத்துவிட்டுப் போன டாக்டரும் அப்படித் தலையாட்டியவர்தான்.

அந்த வாரம் தர ஆய்வுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. சுவருக்குப் பெயின்ட், கதவுக்குப் போஸ்டர் என்று மருத்துவமனையே கல்யாண வீடாகியிருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. எட்டுக்கால் பூச்சியாக ஓடிக்கொண்டிருந்தேன்.

காலை பத்து மணி இருக்கும். ஆண்கள் வார்டில் துப்புரவு செய்யும் அக்காவுக்குக் கையில் ஊசி குத்திவிட்டது என்றார்கள். தமிழ்நாட்டு எல்லையோரம் பாறசாலைப் பக்கத்துக்காரர், ஒப்பந்த கம்பெனியின் ஆள். டியூபும் பாட்டிலும் போடுகிற சிவப்புப் பையைக் கட்டித் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் தாண்டிக் குத்தியிருக்கிறது. நான் போனபோது விரலைப் பிழிந்து பிழிந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். பிழியக் கூடாது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும் என்று எத்தனை வகுப்பு எடுத்திருப்பேன். கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனேன்.

யாருக்குப் போட்ட ஊசி என்றே தெரியவில்லை. எச்.ஐ.வி. வராமலிருக்க முதல் மாத்திரையை உடனே கொடுத்தாக வேண்டும். அவசரப் பிரிவில் இருந்தவரோ, ஒப்பந்த ஊழியர்களுக்குப் படிவம் இங்கே இல்லை, கம்பெனியில் கேளுங்கள் என்றார். ஊசி என்ன அடையாள அட்டையைப் பார்த்தா குத்துகிறது? நான் போட்ட சத்தத்தில் படிவம், மாத்திரை இரண்டும் வந்தன.

கம்பெனி சூப்பர்வைசரும் வந்தார். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம். ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதிவிடலாம், அதுதான் வழக்கம் என்றார். அப்படி எழுதப்பட்ட இரண்டு பேரை அடுத்த மாதமே வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கும் அது தெரியும்.

"நோயி வந்தா பாத்துக்கிடலாம் சிஸ்டரே. எனக்க வேல போவுமா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாடியேறிப் போய் வார்டு நர்ஸைப் பிடித்தேன். புதிதாக வந்த பெண். சிவப்புப் பைக்குள் ஊசி எப்படிப் போயிற்று என்று கேட்டேன். அவள் டிராலியைக் காட்டினாள். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளைப் பெட்டி வாய்வரை நிரம்பி, மேலே ஊசிகள் துருத்திக்கொண்டிருந்தன. முக்கால் நிறைந்ததும் மாற்ற வேண்டாமா என்று சீறினேன்.

"புதுப் பெட்டியெல்லாம் அலமாரியில இருக்கு சிஸ்டர். ஆய்வு அன்னிக்குப் பளிச்சுனு வைக்கணும்னு நீங்கதான் பூட்டினீங்க. காலையில ரெண்டு தடவ போன் பண்ணினேன்."

சாவி என் கழுத்துப் பட்டையில், அடையாள அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. போஸ்டர் ஒட்டுகிற மும்முரத்தில் நான்தான் போனை எடுக்கவில்லை. அவ்வளவு நேரம் ஊரையெல்லாம் திட்டியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

கீழே வந்து காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: புதிய பெட்டிகள் அலமாரியில் பூட்டப்பட்டிருந்தன, சாவி என்னிடம் இருந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். சிஸ்டருக்கு இதனால் தொந்தரவு வருமே என்றார் சூப்பர்வைசர். வந்தது. விளக்கம் கேட்டு ஒரு கடிதமும், மேலதிகாரி அறையில் ஒரு மணி நேர அர்ச்சனையும்.

அக்காவின் வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாதம் மாத்திரையை விழுங்கி வாந்தி எடுத்தார். வீட்டில் சத்து மாத்திரை என்று சொல்லியிருந்தாராம். ஆறு மாதம் கழித்துக் கடைசி ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. முடிவைச் சொன்னபோது எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினார்.

"இப்பம் அந்தச் சாவி ஆருக்க கையில சிஸ்டரே?"

அலமாரிக்குக் கூட்டிப்போய்ப் பூட்டில்லாத கதவைத் திறந்து காட்டினேன். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார்.