ஈரக் கயிறு

வீரம்மாவிடம் என்ன வேலை என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில அட்டெண்டன்" என்பாள். கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வார்ட்டில் தள்ளுவண்டி தள்ளுவதும் கட்டில் துடைப்பதும் அவள் வேலை. ஆனால் அவள் இல்லாவிட்டால் வார்ட்டே ஸ்தம்பித்துப் போகும் வேலை ஒன்று இருந்தது, அதற்குப் பெயர் கிடையாது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒப்பரேஷனுக்கு வரும் பெண்களைத் தாலியைக் கழற்ற வைப்பதுதான் அது.

ஒப்பரேஷன் தியேட்டருக்குள் தங்கம் போகக்கூடாது. இரத்தத்தை நிறுத்துவதற்கு டொக்டர்மார் கரண்ட் பாய்கிற பேனா ஒன்றைப் பாவிக்கிறார்கள். உடம்பில் உலோகம் கிடந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். இதைச் சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அந்தப் பெண்கள் காதில் ஏறாது. "செத்தாலும் தாலியோட சாவுறேன்" என்று கட்டிலில் குந்திக்கொள்வார்கள். அதற்கு வீரம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மஞ்சள் துண்டு கோத்த நூல் கயிற்றை முதலில் கட்டிவிடுவாள், பிறகுதான் தங்கத்தை எடுப்பாள். கழுத்து ஒரு கணம்கூட வெறுமையாக இருக்காது.

முதல் தடவை கயிற்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்து அப்படியே கொண்டுவந்துவிட்டாள். நிலூஷா மிஸ் தடுத்தாள். நிலூஷா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, விஞ்ஞானம் படித்துத் தாதியானவள்.

"தங்கத்துல, அணுவோட வெளி ஓட்டுல இருக்கிற இலத்திரன் ஒரு எடத்துல நிக்காதுக்கா. தங்கம் முழுக்கச் சுத்திக்கிட்டே இருக்கும். அதனாலதான் கரண்ட் போகுது. நூலும் மஞ்சளும் அப்பிடியில்ல, இலத்திரனை இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கும். அதைத்தான் காவலின்னு படிச்சோம். ஆனா ஈரமா இருந்தா, தண்ணியில கரைஞ்ச உப்பே கரண்டைக் கொண்டு போயிரும். நல்லாக் காய வச்சுக் கட்டுங்க."

இதில் வீரம்மாவின் மனதில் தங்கியது ஒன்றுதான். காய்ந்த கயிறு எதையும் கடத்தாது. ஒப்பரேஷனைவிட அவளுக்குத்தான் அந்த வார்த்தை தேவையாக இருந்தது. ஏனென்றால் அவள் தாலியறுத்தவள். புருஷன் கலகெதரப் பாதையில் லொறி மோதிச் செத்துப் போனான். அவள் வேலைக்கு வரும்போது மட்டும் ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்வாள். விதவை கையால் தாலிக்கயிறு வாங்கிக்கொள்ள எந்தப் பெண் கழுத்தை நீட்டுவாள்? 'காஞ்ச கயிறுதானே, என்கிட்ட இருந்து ஒண்ணும் போகாது' என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள். பாவம், விஞ்ஞானம் எதற்கெல்லாம் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

புசல்லாவைத் தோட்டத்திலிருந்து ராக்கம்மா பித்தப்பையில் கல்லோடு வந்து சேர்ந்தாள். கூட வந்த புருஷன் கறுப்பையா அன்றே திரும்பிவிட்டான். நின்றால் ஒரு நாள் பேர் போய்விடும், சம்பளம் கிடைக்காது. துணைக்கு அவள் தம்பி தினேஸ் நின்றான்.

அந்த வாரம் மழை விட்ட பாடில்லை. வீரம்மா வீட்டு ஜன்னலில் தொங்கவிட்ட கயிறு காலையிலும் பிசுபிசுத்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள், வார்ட்டுக்கு வந்து வெந்நீர்க் கேத்தலில் சுற்றி வைத்தாள். அதற்குள் தியேட்டரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அப்படியே கட்டி மூன்று முடிச்சுப் போட்டு, தங்கத்தைக் கழற்றித் தினேஸிடம் கொடுத்தாள்.

"குளுருதேக்கா" என்றாள் ராக்கம்மா.

"காஞ்சதுதான், தங்கச்சி" என்று வீரம்மா பொய் சொன்னாள்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. உடம்பில் எங்கும் சூடு பட்ட தடம் இல்லை. ராக்கம்மா மயக்கத்தில் கிடக்கும்போதே தினேஸுக்குப் போன் வந்தது. தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்து கறுப்பையாவைச் சூழ்ந்துகொண்டதாம். லொறியில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

தினேஸ் தாலி முடிந்திருந்த கைக்குட்டையை வீரம்மாவின் கையில் திணித்தான். "இன்னைக்கு அக்காகிட்டச் சொல்ல வேணாம்னு வீட்டுல சொல்றாங்க. தாலியைக் கேட்டா நீங்களே குடுத்துருங்க. என்னால அது முகத்தைப் பாக்க ஏலாது."

வீரம்மா நேரே நிலூஷாவிடம் போனாள். "கயிறு ஈரமா இருந்திச்சு மிஸ். நானோ தாலியறுத்தவ."

நிலூஷாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "குளவி எங்க, கயிறு எங்கக்கா? கரண்ட்தான் அதுல போகும். ஒரு மனுசனோட சாவு போகாது."

வீரம்மா தலையாட்டினாள். மனசு ஆடவில்லை. காய்ந்த கயிறு கடத்தாது என்று இத்தனை காலம் நம்பியவளால், ஈரக் கயிறு கடத்தும் என்பதை மட்டும் எப்படி நம்பாமல் இருக்க முடியும்?

பின்னேரம் ராக்கம்மா நன்றாகக் கண் விழித்துவிட்டாள். "அக்கா, தாலியைக் குடுங்க. இந்தக் கயிறு அரிக்குது."

வீரம்மா கைக்குட்டையை அவிழ்த்தாள். இதை இப்போது கட்டிவிட்டால், தோட்டத்தில் பெண்கள் கூடி நின்று அறுப்பார்கள். கை எழவில்லை. ராக்கம்மா அந்தக் கையையே பார்த்தாள்.

"தினேஸ் ஏன் உள்ள வரல?"

வீரம்மா கைக்குட்டையை மறுபடி முடிந்தாள்.

"அவருக்கா?"

ஒரே நாளில் இரண்டாவது பொய் சொல்ல வீரம்மாவால் முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "குளவி" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், கயிற்றின் ஈரத்தையும், பொட்டையும், புருஷனையும். "என் கை உன் கழுத்துல பட்டிருக்கக் கூடாது, தங்கச்சி."

ராக்கம்மாவால் வாய்விட்டு அழவும் முடியவில்லை. தையல் போட்ட வயிறு வலித்தது. வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அதைப் பார்ப்பது பெருங்கொடுமையாக இருந்தது. தன்னை ஏசினால்கூட நன்றாயிருக்கும் என்று வீரம்மா நினைத்தாள்.

ராக்கம்மா ஏசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு எப்பிடி எடுத்தாங்க?"

"எல்லாரும் சுத்தி நின்னு அறுத்தாங்க."

"எனக்கு அப்பிடி வேணாம்." ராக்கம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பின்கழுத்தைக் காட்டினாள். "தங்கத்தைத் தினேஸ்கிட்டயே குடுத்துருங்க. இதை நீங்களே அவுத்துருங்க."

வீரம்மா ஒவ்வொரு முடிச்சாக, நகம் படாமல் அவிழ்த்தாள். மூன்றாவதும் அவிழ்ந்தபோது ராக்கம்மா கையைப் பின்னால் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உடனே எடுத்துராதீங்கக்கா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

கயிற்றின் இரண்டு நுனியையும் கழுத்துக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்தபடி வீரம்மா உட்கார்ந்திருந்தாள்.