ஓம்ஸ்பி என்றால் பாம்பூர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாசித்தால் ஊரில் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே என்னோடு தங்கியிருக்கும் நம்மாட்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். ஆனால் எரிச்சல் அடங்கவில்லை. இந்த இங்கிலாந்தில் ஆளைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடும் கொட்டகையில் எனக்கு வேலை. புது மேஸ்திரி வரும்போதெல்லாம் பட்டியலைப் பார்த்து, "ஓம்ஸ்பி!" என்று கூப்பிடுவார். நான் கை தூக்குவேன். "உன்னை இல்லையப்பா, ஓம்ஸ்பியை" என்பார். நான் இன்னொரு கையையும் தூக்குவேன்.

என் முழுப் பெயர் சாமுவேல் ஓம்ஸ்பி. அப்பாவின் தாத்தாவுக்குப் பெயர் நாகமணி. தக்கலைக்குப் பக்கத்தில் மிஷன் போர்டிங்கில் அவரைச் சேர்த்தபோது, படிப்புக்குப் பணம் அனுப்ப ஒப்புக்கொண்ட யாரோ ஒரு இங்கிலாந்து அம்மாவின் பெயரை அவருக்கு வைத்தார்கள். "பாம்புப் பெயர் இனி வேண்டாம்" என்று மிஷன் துரை சொன்னாராம். அந்த அம்மா யார், எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்கு தலைமுறையாகப் பெயரை மட்டும் சுமக்கிறோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதை, இங்கிலீஷ் எழுத்தில் நடுவே வரும் 'ஆர்'-ஐயும் விடாமல், "ஓரம்சுபி" என்று வாசித்தார். என் பெஞ்சில் இருந்த தங்கராஜ், மாட்டுவண்டிக்காரன் மாதிரி, "ஓரம் போ! ஓரம் போலே!" என்று கத்தினான். அன்றிலிருந்து ஊருக்கே நான் ஓரம்போ. ஏழாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதற்கு அதுதான் காரணம் என்று அப்பாவிடம் சொன்னேன். உண்மையான காரணம் கணக்கு. தங்கராஜ் இப்போது தக்கலை பஸ்ஸில் கண்டக்டர். அதே சத்தம் போட்டுச் சம்பளம் வாங்குகிறான்.

கப்பல் சமையற்கட்டில் வேலை பார்த்து இங்கே வந்து இறங்கிய நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கடை ஜன்னலில் 'அறை வாடகைக்கு' என்ற அட்டையைப் பார்த்து, அதிலிருந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். மறு தபாலிலேயே பதில் வந்தது. "உடனே வாருங்கள். நானும் பிறப்பால் ஓம்ஸ்பிதான்" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்த அம்மா என் தோளுக்கு மேலே எட்டித் தெருவைப் பார்த்தார். "மிஸ்டர் ஓம்ஸ்பி பின்னால் வருகிறாரா?" நானும் திரும்பிப் பார்த்தேன். "இல்லையம்மா, முன்னாலேயே வந்துவிட்டார்" என்றேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "ஓம்ஸ்பிகளில் எந்த பிராஞ்ச்?" என்றார். நம்மூரில் பிராஞ்ச் என்றால் தபாலாபீஸ்தானே. "தக்கலை" என்றேன். உள்ளே மேஜையில் இரண்டு கோப்பைகள் வைத்திருந்தது தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை.

சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, நான் ஏன் ஓம்ஸ்பியாக இருக்க முடியாது என்று விளக்கினார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து நார்ஸ்காரர்கள் என்ற கடலோடிகள் கப்பலில் வந்து இந்தக் கரையில் நிலம் பிடித்தார்களாம். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் 'விளை' என்று முடிவதுபோல அவர்களுக்கு 'பி'. கிரிம் என்பவன் ஊர் கிரிம்ஸ்பி. ஓர்ம் என்பவன் ஊர் ஓம்ஸ்பி. ஊரின் பெயரே பிறகு குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டது. "ஓர்ம் என்றால் அவர்கள் பாஷையில் பாம்பு" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாகமணியிலிருந்த பாம்பை அடித்து விரட்டிவிட்டு, துரை கப்பலேறி வந்த பாம்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்! என் அரைகுறை இங்கிலீஷில் அதைச் சொன்னேன். நாகர்கோவிலையும் சொன்னேன். கடைசியில், "அவர்களும் கப்பலில்தானே வந்தார்கள் அம்மா? நானும் கப்பலில்தான் வந்தேன்" என்றேன்.

"அறை வேறு ஆளுக்குப் போய்விட்டது" என்றார்.

மறுநாளும் அந்த அட்டை கடை ஜன்னலில் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது.

எங்கள் அறையில் இருக்கும் குளச்சல் அந்தோணி சொன்னான்: "ஏலே, பேரு மூஞ்சிக்குத் தக்கன இருக்கணும். இனி நாகமணிண்ணு எழுது. அறை இல்லேண்ணு கடுதாசியிலேயே சொல்லிருவாளுவ. உனக்கு நடை மிச்சம் மக்கா."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அடுத்த வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட வரவில்லை. ஓம்ஸ்பி என்று போட்டால் வாசலில் நின்று திரும்ப வேண்டும். நாகமணி என்று போட்டால், அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையில் நிமிர்ந்து நின்று சொல்லும் பெயரை நானே வெட்டியதாகும். நான் ஓம்ஸ்பி இல்லை என்று அந்த வீட்டம்மா சொன்னதை நானும் சொன்னதாகும். கீழே இடம் விட்ட காகிதத்தை மடிக்காமல் வைத்துக்கொண்டு, எந்தப் பெயரைப் போட என்று தங்கராஜுக்கு நாலு பக்கம் எழுதினேன். மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது பதில் வந்தது, ஒரே வரி:

"நீ எந்தப் பேரை வேணும்னாலும் போடுலே மக்கா, தக்கலையில வந்து இறங்கினா நீ ஓரம்போதான்."