வீட்டுக்கு ஒரு கேள்வி

தெல்தோட்டைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எனக்கு இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கண்டியில் அறை எடுத்திருந்தேன். தினமும் காலையில் பஸ் ஏறிப் போவேன். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதில் எனக்கு எப்போதுமே தயக்கம் இருந்ததில்லை. பெற்றோருக்குத் தகவல் சொல்வதிலும் நான் கெட்டிக்காரி என்றே நினைத்திருந்தேன். முதல் வாரத்திலேயே வகுப்பு வரவு இடாப்பில் இருந்த போன் இலக்கங்களையெல்லாம் சேர்த்து ஒரு வாட்சப் குழு தொடங்கினேன். பாடசாலை விட்டதும் அன்றைய வேலையை எழுதி, இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடப்பேன்.

இரண்டாவது மாதம் ஒரு நாள் காலை, மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு மாணவியின் அப்பா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். கையில் மகளின் கொப்பி.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஸ்கூல் தொறந்து ஒன்றரை மாசம் ஆச்சு. கணக்குக் கொப்பியில மூனே பக்கம்தான் இருக்கு. கேட்டா, வெளையாண்டோம்ங்குறா. டவுன் பக்கம் வேற ஸ்கூல்ல சேக்கலாமான்னு பாக்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் ஓயாமல் கேள்வி கேட்பவள்.

"நான் ஒவ்வொரு நாளும் வாட்சப்பில போடுறனே, நீங்கள் பார்க்கிறேல்லையோ?" என்றேன். குரலில் கொஞ்சம் சூடு இருந்திருக்கும்.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பொத்தான் வைத்த சின்னப் போன். "இதுலயா டீச்சர்?"

இடாப்பைத் திறந்து இலக்கத்தை வாசித்தேன். அவர் தலையை ஆட்டினார். "அது என் சம்சாரத்தோட நம்பருங்க. அவங்க குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயி ரெண்டு வருசமாச்சு."

இடைவேளையில் என் செய்திகளை யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று தட்டிப் பார்த்தேன். வகுப்பின் பாதி வீடுகள் அவற்றைத் திறக்கவே இல்லை. அந்தக் குவைத் இலக்கம் மட்டும் ஒரு நாள் தவறாமல் திறந்திருந்தது. அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு செய்தி போட்டேன். கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது பதில் வந்தது, குரலில்.

"டீச்சர், நீங்க அனுப்புற படமெல்லாம் பாப்பேங்க. எழுதியிருக்குறதுதான் எனக்குப் புரியல. நான் அஞ்சாம் வகுப்போட நின்னுட்டேன். மககிட்ட போன்ல என்னா பேசுறதுன்னே தெரியலைங்க. சாப்புட்டியா, ஸ்கூலுக்குப் போனியான்னு கேப்பேன். ம்ம்ங்குவா. அதோட போன அப்பாகிட்ட குடுத்துருவா."

நான் எழுதியதை மேலே தள்ளி வாசித்தேன். 'இன்றைய கற்றல் செயற்பாடு: எதேச்சை அலகுகளைப் பயன்படுத்தி நீளத்தை அளத்தல்.' பிள்ளைகள் சாணாலும் பென்சிலாலும் மேசையை அளந்ததைத்தான் அப்படி எழுதியிருந்தேன். கல்வி அதிகாரி ஒருவர் வாசித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பிள்ளையைப் பெற்றவளுக்கு அதில் எதுவும் இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் இதைச் சரிசெய்ய என்னால் முடியும் என்பதும் அப்போதே தெரிந்தது.

மறுநாள் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். ஏழு வீடுகளில் நான் செய்தி அனுப்பிய போன் வீட்டிலேயே இல்லை. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன், பேராதனையில் வேலை செய்யும் மாமா என்று எங்கெங்கோ இருந்தது. நீளமாக எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன். அரை நிமிடக் குரல் செய்தி, அதில் பிள்ளையிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வி. போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போய், "என்கிட்ட இதக் கேளுங்க" என்று சொல்ல வேண்டும்.

முதல் செய்தி இது: "வீட்டில இருக்கிற பெஞ்சையோ மேசையையோ நீங்கள் சாணால அளந்து பாருங்கோ. பிறகு பிள்ளையை அளக்கச் சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கும் ஏன் வேற வேற எண் வருதெண்டு பிள்ளையைக் கேளுங்கோ."

அடுத்த நாள் காலையில் அந்த அப்பா மறுபடியும் படியேறி வந்தார்.

"நேத்து மகளோட ரொம்ப நேரம் பேசினேன் டீச்சர்."

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. யோசிக்கும் முன்பே வாய் முந்திவிட்டது. "ஏன் பேசினனீங்கள்? பிள்ளை என்ன பிழை விட்டவ?"

அவர் விழித்தார். "அவ என்னா தப்பு செஞ்சா? தப்பு எனக்குல்ல வந்துச்சு!"

அப்புறம் சொல்லத் தொடங்கினார். "பெஞ்சு எனக்கு அஞ்சு சாண் வந்துச்சு. அவளுக்கு எட்டு. நீ தப்பா அளந்துட்ட, மறுபடி அளன்னேன். அவ என் கை மேல தன் கைய வச்சுக் காட்டுறா. உங்க கை பெருசுப்பா, அதான் கொறையுதுங்குறா. எட்டுன்னா பெஞ்சு நீண்டுருமான்னு என்னையே கேக்குறா டீச்சர்!"

"அதுதான் பாடம். எல்லாருக்கும் ஒரே அளவு காட்டுற அடிமட்டம் ஏன் வேணுமெண்டு இனித்தான் பிள்ளையளுக்கு விளங்கும். கொப்பியில எழுதுறது அதுக்குப் பிறகு."

"அப்ப அது வெளையாட்டு இல்ல."

"விளையாட்டும்தான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார். வேறு பாடசாலை பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அதாவது, அவர்கள் சொல்லும் அர்த்தத்தில்.

எல்லாக் கேள்வியும் சரியாகப் போனது என்று சொல்ல மாட்டேன். தாவரத்தின் பகுதிகளைப் படிப்பித்த வாரத்தில் கரும்பலகையில் தேயிலைக் கொழுந்து ஒன்றை வரைந்தேன். அன்று 'கொழுந்தில் எத்தனை இலை என்று பிள்ளையைக் கேளுங்கோ' என்று அனுப்பினேன். பிள்ளைகள் என் படத்தில் இருந்தபடி மூன்று என்று சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் மூன்று அம்மாமாரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "ரெண்டு எலையும் ஒரு மொட்டுந்தான் டீச்சர்! நீங்க வரைஞ்சத பறிச்சுக்கிட்டுப் போனா கங்காணி எங்களத் திட்டுவாரு." மறுநாள் ஒரு பிள்ளை கொழுந்தையே கிள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தது. நான் படத்தை அழித்துத் திரும்ப வரைந்தேன். யார் சொல்லித் திருத்தினார்கள் என்பதையும் வகுப்பில் சொன்னேன். அந்த மூன்று அம்மாமாரின் பிள்ளைகளும் அன்றைக்கு முழுதும் நிமிர்ந்தே இருந்தார்கள்.

குவைத்திலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது குரல் வரும். ஒரு நாள் அந்த அம்மா, "இப்ப அவதான் போன வைக்க மாட்டேங்குறா. எங்க மேடம் கூப்புடுறாங்கன்னு சொன்னாலும் விடுறாளில்ல" என்றார். குரலில் பெருமை இருந்தது. அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தமும் கேட்டது.

பாடசாலையின் இரண்டாம் தவணையில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கண்டி அறையிலேயே படுத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் அந்த அம்மா.

"டீச்சர், இன்னைக்குக் கேள்வி வரலையே. மககிட்ட நான் என்னாத்தக் கேக்க?"

எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. "ரீச்சர் இல்லாம இண்டைக்கு வகுப்பில என்ன செய்தனீங்கள் எண்டு கேளுங்கோ" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

காலையில் பதில் இருந்தது. "கேட்டேன் டீச்சர். மூனாம் வகுப்பு சார் வந்தாராம். நல்லா கதை சொன்னாராம். நீங்க மெதுவா வந்தாப் போதுமாம்."

நான் மல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தச் செய்தியை இன்னொரு முறை போட்டுக் கேட்டுச் சிரித்தேன்.