ரெஃபர் என்று ஒரு சொல்

எடை இறங்கும், சர்க்கரை இறங்கும், இருதயம் இளமையாகும் என்று சொல்லி, சென்னையிலிருக்கும் மச்சான் வைட்டமின் டி மாத்திரை அனுப்பிவைத்தார். அவரை நம்பி நான் காலை நடையை நிறுத்தினேன். போர்ட் பிளேரில் வெயிலுக்கா பஞ்சம்? ஹேடோ துறைமுகத்தில் சரக்குக் கொட்டகைக்குள் நிழலாகப் பார்த்து நாற்காலி போட்டுக்கொண்டு, வெயிலை மாத்திரையாகக் கப்பலில் வரவழைத்த ஆள் நான்.

சில மாதம் விழுங்கிவிட்டு, ரத்தத்தை டெஸ்டுக்குக் கொடுத்து, மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெங்காலி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"வைட்டமின் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன்.

"பாக்கி சப் வைஸா ஹி ஹை. சுகர், கொலஸ்ட்ரால், பேட்..." மற்றதெல்லாம் பழையபடியேதானாம். பேட் என்றபோது பேனா என் வயிற்றைக் காட்டியது.

உடம்பில் வைட்டமின் குறைந்தால் ஏற்றத்தான் அந்த மாத்திரை, தொப்பைக்கும் இருதயத்துக்கும் அது மருந்தில்லை என்று இந்தியில் விளக்கினார். கடைசியாக, "ரெஃபர் கர் தேதா ஹூம்" என்றார். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே நுழைந்துவிட்டார்.

இந்தத் தீவில் ரெஃபர் என்றால் ஒரே அர்த்தம்தான். இங்கே ஆகாது, மெயின்லேண்டுக்குத் தூக்கிக்கொண்டு போ. எங்கே, எதற்கு என்று கேட்காமலே இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

நான் பயந்தால் ஊரைக் கூட்டுகிற ஆள். வாயுப் பிடிப்புக்கே தம்பிக்குப் போன் போட்டுப் பிள்ளைகளை ஒப்படைத்தவன். அன்று யாருக்கும் போன்கூடப் போடவில்லை. மின்னி பே வழியாக ஸ்கூட்டரில் வீடு வந்து, போட்ட சோற்றைத் தின்றேன். குழம்பா ரசமா என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்காது.

மனைவி பெட்டியைத் திறந்தாள்.

"ஏங்க, ஸ்வெட்டர் வைக்கவா?"

"சென்னைக்கா?"

"ஐசியூவுல ஏசி ஜாஸ்தியா போடுவாங்களாமே."

"அப்ப மப்ளரும் வையி."

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் வந்தார். கான்ட்ராக்டர். சேதி எனக்கு முன்னாலேயே தெருவுக்குப் போயிருந்தது.

"க்யா அண்ணா, ரெஃபர் ஆயிடுச்சாமே? சென்னையில ஒரு மிக்ஸி ஜார் வாங்கணும், இங்க அந்த சைஸ் கிடைக்கல."

"திரும்பி வந்தா வாங்கிட்டு வர்றேன்."

"அரே, ஐஸா மத் போலோ அண்ணா!" என்று பதறிப்போனார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரலைன்னா கூரியர்ல போட்டுடுங்க," என்றார்.

சிரிக்க வேண்டிய இடம் என்பது தெரிந்தது. சிரிப்புதான் வரவில்லை. ஜார் எத்தனை லிட்டர் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, கூட வருகிறவருக்கும் விமானத்தில் இடம் உண்டா என்று விசாரிக்க டாக்டரிடமே போனோம்.

"மெயின்லேண்ட்? கிஸ்னே போலா?" அவர் சுவரைத் தட்டிக் காட்டினார். "பகல்வாலா கம்ரா!"

பக்கத்து அறைக்குத்தான் ரெஃபர். சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம். இருதயம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, இப்படியே தின்றால் அதற்குத் தான் பொறுப்பில்லை என்றார் டாக்டர்.

மனைவி நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டாள். எனக்கு அந்த மூச்சும் வரவில்லை. பிழைத்துவிட்டேன் என்று உள்ளே யாரோ சொன்னார்கள். சரி என்றேன், அவ்வளவுதான்.

பக்கத்து அறை வாசலில் என்னைப்போலவே உருண்டையான சிலர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் தரையைப் பார்த்தேன். எங்கள் முறை வந்தது. அந்த அம்மா நல்ல தமிழ்.

"நைட்டுக்கு என்ன சாப்பிடுவீங்க, சார்?"

"பரோட்டா. ரெண்டு."

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நாலு," என்றேன்.

அவள் இன்னும் என் பக்கமே திரும்பியிருந்தாள்.